ஜேக்3ஐ எந்த வழியாக மடக்குவது? ஒரு மாணவிக்கு முன்னால் நாலு வழிகள்

அக்கா மகள் பினாங்கில் முதுகலை ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். மருந்து வேதியியல். போன சனிக்கிழமை சுங்கை சிப்புட்டுக்கு வந்தவள், டவுனில் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாய் வருவதற்குள் ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். அவளுடைய பேராசிரியர் கொடுத்தது. குறி ஜேக்3 என்ற கைனேஸ். அதைத் தடுக்கும் சிறிய மூலக்கூறு ஒன்றைச் செய்ய வேண்டும். எந்த வழியில் செய்வது என்பதை அவளே முடிவு செய்து, திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டும். தாளில் நாலு வழிகள் எழுதியிருந்தன.

"எது மாமா பெஸ்ட்டு?"

இருபது வருடமாக மருந்துக் கம்பெனிகளுக்கு மூலக்கூறு செய்து கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான். எனக்கே அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. நாலு வழியிலும் நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன, நாலிலும் பலர் வருடக்கணக்கில் திண்டாடியும் இருக்கிறார்கள். அவள் கையில் இருப்பது இரண்டு வருடம், ஒரு சின்ன ஆய்வகம், பக்கத்துத் துறையோடு பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு நிறை நிறமாலைமானி, அதாவது மூலக்கூறின் எடை பார்க்கும் கருவி. அப்படிப்பட்ட ஒருத்திக்கு நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தப்பாகப் போய்க்கொண்டிருந்தால் எந்த வழி அதைச் சீக்கிரம் சொல்லிவிடும்? கீழே எழுதியிருப்பது அவளிடம் சொன்னதும், வீட்டுக்கு வந்தபின் யோசித்துச் சேர்த்ததும்.

முதலில் தொல்லை என்னவென்று பார்த்துவிடுவோம். கைனேஸ் என்பது செல்லின் எரிபொருளான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டும் நொதி. ஒட்டினால் அந்தப் புரதம் விழித்துக்கொள்ளும், சில நேரம் அடங்கும். மனித உடலில் இந்த வகை 518 இருப்பதாக 2002ல் மரபணுத் தொகுப்பை வைத்துக் கணக்கெடுத்தார்கள். அத்தனையிலும் ஏடிபி உட்காரும் குழி ஏறக்குறைய ஒரே அச்சு. பழைய தோட்டத்து லயத்தைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். வரிசையாக வீடுகள், ஒரே கதவு, ஒரே ஜன்னல். இருட்டில் வருகிறவன் எந்த வீட்டுக் கதவை வேண்டுமானாலும் தட்டிவிடுவான். உள்ளே போனால்தான் வித்தியாசம் தெரியும்: இந்த வீட்டில் சமையல்கட்டைப் பின்னால் இழுத்துக் கட்டியிருப்பார்கள், அடுத்த வீட்டில் அதே இடத்தைத் தகரம் வைத்து அடைத்திருப்பார்கள். 1977ல் ஜப்பானில் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்டாரோஸ்போரின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அது எல்லா வீட்டுக்குள்ளும் நுழைகிற ஆள். கைனேஸ்களை அபாரமாகத் தடுக்கும், அதனாலேயே மருந்தாக உதவாது.

ஜேக்3க்கு உடன்பிறப்புகள் மூன்று: ஜேக்1, ஜேக்2, டைக்2. ஜேக்3 பெரும்பாலும் இரத்த அணுக்களில் மட்டும் இருக்கிறது. பிறவியிலேயே அது வேலை செய்யாத குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இருக்காது. அப்படியென்றால் அதை அளவோடு அடக்கினால், தன் உடலையே தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கலாம். ஜேக்2 மேல் கை வைத்தாலோ சிவப்பணு உற்பத்தி குறையும், ஏனென்றால் சிவப்பணு செய்யச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனின் கட்டளை அதன் வழியாகத்தான் போகிறது. ஆக, அண்ணனை விட்டுவிட்டுத் தம்பியை மட்டும் பிடிக்க வேண்டும்.

தாளில் முதலில் இருந்தது நேர்வழி. ஏடிபி உட்காரும் இடத்தில் நம் மூலக்கூறு போய் உட்கார்ந்துகொள்வது. ஏடிபியின் அடினின் வளையம், குழியின் கீல் என்று நாங்கள் சொல்லும் பகுதியோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். அதையே நம் வளையமும் செய்தால் போதும். 2012ல் மூட்டுவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபாசிட்டினிப் இப்படித்தான் உட்காருகிறது. அதில் இருப்பது பைரோலோபிரிமிடின் என்ற இரட்டை வளையம். கீலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

வசதி நிறைய. செய்வது சுலபம், மூலக்கூறு நொதியில் எப்படி உட்காருகிறது என்று காட்டும் படிக வடிவங்கள் ஏராளம், சோதனைப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினால் ஒரு வாரத்தில் எண்கள் கையில். அந்த எண்களை நம்பலாமா என்பதுதான் சங்கடம். சோதனைக் குழாயில் ஏடிபி கொஞ்சமாகத்தான் போடுவோம். செல்லுக்குள் அது மில்லிமோலார் கணக்கில் கொட்டிக் கிடக்கிறது. அதிலும் ஜேக்3 தன் உடன்பிறப்புகளைவிட ஏடிபியை இறுக்கிப் பிடிக்கிற ஆசாமி. அந்த இறுக்கத்தைக் காட்டும் எண், மைக்கேலிஸ் மாறிலி, குறைந்தால் இறுக்கம் அதிகம். ஜேக்3க்கு அது 4 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். செல்லில் ஏடிபி 1000 மைக்ரோமோலார். ஏடிபியோடு போட்டி போட எத்தனை மடங்கு மருந்து வேண்டும் என்று சொல்லும் செங்-புருசாஃப் சமன்பாட்டில் போட்டால் 1 கூட்டல் 1000 வகுத்தல் 4, அதாவது 251 மடங்கு. குழாயில் 1 நானோமோலாரில் வேலை செய்த மூலக்கூறுக்குச் செல்லுக்குள் கால் மைக்ரோமோலார் தேவைப்படும். ஏடிபியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காத ஜேக்1ல் இந்தச் சரிவு குறைவு. குழாயில் ஜேக்3க்குச் சாதகமாகத் தெரிந்த தேர்வுத்திறன், அதாவது குறியை மட்டும் பிடிக்கும் திறன், செல்லுக்குள் போனதும் தலைகீழாகிவிடலாம். டோஃபாசிட்டினிப்பே ஜேக்3க்கு என்று தொடங்கிய வேலைதான். கடைசியில் அது ஜேக்1, ஜேக்2 எல்லாவற்றையும் தொடுகிறது. 2021ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதன் உறையில் இதயக் கோளாறு, இரத்தக் கட்டி, புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

எனக்கு இந்த வழியில் இருக்கும் பெரிய பயம் வேறு. இது "முடியாது" என்று சொல்லவே சொல்லாது. மெத்தில் போடுவாய், இரண்டு மடங்கு தேறும். எத்தில் போடுவாய், மூன்று மடங்கு. ஃபுளோரின் போட்டால் திரும்ப இரண்டு. இப்படியே நாற்பது மூலக்கூறு, இரண்டு வருடம், ஒரு அட்டவணை. ஆய்வேடு தேறிவிடும், ஆனால் எதைக் கண்டுபிடித்தாய் என்று யாராவது கேட்டால் அட்டவணையைத்தான் காட்ட வேண்டும்.

இரண்டாவது வழி, நொதி செயலற்று மடங்கியிருக்கும் நிலையில் பிடிப்பது. கைனேஸின் செயல்பாட்டு வளையத்தின் தொடக்கத்தில் ஆஸ்பார்டிக் அமிலம், ஃபீனைல்அலனின், கிளைசின் என்று மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து இருக்கும். நொதி ஓய்வில் இருக்கும்போது அந்த மூன்றும் புரண்டு படுத்துக்கொள்ளும். புரண்டால் பின்பக்கம் ஒரு புதுப் பொந்து திறக்கும். இதற்குப் பேர்போன உதாரணம் இமாட்டினிப், நாட்பட்ட மைலாய்ட் இரத்தப் புற்றுநோய்க்கு 2001 மே மாதம் அனுமதி பெற்றது.

அதன் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சீபா-கெய்கி கம்பெனியில் யூர்க் சிம்மர்மன் குழு தொடங்கியது வேறொரு கைனேஸுக்கான தடுப்பியோடு, புரதக் கைனேஸ் சி. ஒரு பென்சீன் வளையத்தில் ஒரே ஒரு மெத்திலை ஒட்டினார்கள். அது இடித்ததில் மூலக்கூறு முறுக்கிக்கொண்டது. பழைய கைனேஸ் மேல் இருந்த பிடி போய்விட்டது, அந்த இரத்தப் புற்றுநோயை ஓட்டும் ஏபிஎல் கைனேஸ் மேல் இருந்த பிடி மட்டும் நிலைத்தது. தண்ணீரில் கரைய வேண்டுமே என்று மெத்தில்பிப்பரசின் என்ற வாலைச் சேர்த்தார்கள். மருந்தை நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது 1998ல். அது மடங்கிய நிலையைப் பிடிக்கிறது என்று படிக வடிவம் காட்டியது 2000ல். புரண்ட பொந்தைப் பிடிக்கப் போகிறோம் என்று யாரும் திட்டமிட்டுக் கிளம்பவில்லை.

இன்று தெரிந்தே போகலாம்தான். ஆனால் ஒவ்வொரு அடியிலும் படிக வடிவம் கேட்கும் பாதை இது. அக்கா மகளின் ஆய்வகத்தில் புரதப் படிகம் வளர்க்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. போதாக்குறைக்கு, ஜேக்3ன் பின்பொந்து வாசலில் காவல் நிற்பது மெத்தியோனின், பருத்த ஆள். விற்பனைக்கு வந்த ஜேக் தடுப்பிகளில் இந்த வகை ஒன்றுகூட இல்லை. இதை அவள் தாளில் நானே பேனாவால் அடித்துவிட்டேன்.

நாலாவதை முதலில் முடித்துவிடுகிறேன், மூன்றாவதில் பேச நிறைய இருக்கிறது. நாலாவது, ஏடிபி குழியைத் தொடாமல் வேறொரு இடத்தில் உட்கார்ந்து நொதியை நிறுத்துவது. தேர்வுத்திறனில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. லயத்து முன்கதவை விட்டுவிட்டு, அந்த ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் கொல்லைக் கதவில் நுழைகிற மாதிரி. 2021ல் வந்த அசிமினிப் ஏபிஎல் கைனேஸில் கொழுப்பு அமிலம் ஒன்று உட்காரும் குழிக்குப் போகிறது. 2022ல் வந்த டியூக்ராவாசிட்டினிப், டைக்2ன் போலிக் கைனேஸ் பகுதியில் உட்காருகிறது. அதிலுள்ள ஒரு மெத்திலில் மூன்று ஹைட்ரஜனுக்கும் பதிலாக டியூட்டீரியம் வைத்திருக்கிறார்கள், கல்லீரல் அந்த மெத்திலைக் கடித்துத் துப்பிவிடாமல் இருக்க. கேட்கும்போதே ஆசை வருகிறது அல்லவா? அவளுக்கும் வந்தது.

ஆனால் அந்த டைக்2 வழி திறந்தது எப்படி? செல்லில் இன்டர்லூகின்-23 என்ற அழற்சிச் சிக்னல் நின்றுபோகிறதா என்று ஏராளமான பொருட்களைப் போட்டுப் பார்த்தபோது. போலிக் கைனேஸ் பகுதி பாஸ்பேட் ஒட்டும் வேலையைச் செய்வதில்லை, அதனால் கடையில் வாங்கும் சோதனைப் பெட்டிக்கு அது கண்ணில் படாது. ஜேக்3ல் இந்தக் கதவு வழியாக விற்பனைக்கு வந்த மருந்து எதுவும் கிடையாது. மூலக்கூறு வேலை செய்யவில்லை என்றால், மூலக்கூறு மோசமா, குழி தவறா, சோதனை தவறா என்று பிரித்துச் சொல்ல இவளிடம் ஒரு வழியும் இருக்காது. பெரிய கம்பெனிக்கு இது சரி. இரண்டு வருட மாணவிக்கு இது சூது.

சரி, மூன்றாவது. சிஸ்டீனோடு ஒட்டிக்கொள்வது.

அப்பா தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர். மங்கில் சேர்த்த ரப்பர் பாலைக் கொண்டுவந்து கொட்டி, ஃபார்மிக் ஆசிட் விட்டுக் கட்டியாக்கி, உருளையில் தேய்த்து, புகையில் காயவைப்பார்கள். அந்த ஷீட்டை அப்படியே டயராக்க முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். 1839ல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடு பண்ணியதில்தான் இழைகளுக்கு இடையில் முடிச்சு விழுந்தது. கந்தகம் போட்ட முடிச்சை அவிழ்த்துப் பழைய பாலாக்க முடியாது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் இருப்பதும் அதே கந்தகம்தான். அக்ரிலமைடு என்ற சின்னக் கொக்கியை மூலக்கூறில் வைத்து, அதை அந்தக் கந்தகத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் சகப்பிணைப்பு, அதாவது எளிதில் அவிழாத பிணைப்பு, விழுகிறது. அதன்பிறகு செல்லில் ஏடிபி எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும் கவலையில்லை. 251 மடங்குக் கணக்கு இங்கே அடிபட்டுப் போகிறது. செல் புதிதாக ஜேக்3 செய்யும்வரை பழையது முடங்கியே கிடக்கும்.

ஜேக்3ல் 909ஆம் இடத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. ஜேக்1, ஜேக்2, டைக்2 மூன்றிலும் அதே இடத்தில் செரின். கந்தகம் கிடையாது. 518 வீட்டில் அந்த மூலையில் சிஸ்டீன் வைத்திருக்கும் வீடுகள் பத்துச் சொச்சம்தான். ஐப்ருட்டினிப் பிடிக்கும் பிடிகே கைனேஸின் 481, ஓசிமெர்ட்டினிப் பிடிக்கும் ஈஜிஎஃப்ஆரின் 797, எல்லாம் இதே மூலை.

இப்போது டோஃபாசிட்டினிப்பையும், 2023ல் தீவிரமான அலோபீசியா ஏரியாட்டாவுக்கு, அதாவது தலைமுடி திட்டுத்திட்டாகக் கொட்டும் நோய்க்கு, அனுமதி பெற்ற ரிட்லெசிட்டினிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். நாங்கள் மாமாக் கடைக் காகிதத்தில் வரைந்தோம். இரண்டிலும் அதே பைரோலோபிரிமிடின். இரண்டிலும் ஒரு நைட்ரஜன் வழியாகத் தொங்கும் பிப்பெரிடின் வளையம், அதில் ஒரு மெத்தில். டோஃபாசிட்டினிப்பின் இணைப்பு நைட்ரஜனில் மெத்தில் உண்டு, மற்றதில் வெறும் ஹைட்ரஜன். வளைய நைட்ரஜனில் ஒன்றுக்கு சயனோஅசிட்டைல் வால், மற்றதற்கு அக்ரிலாயில் வால். மூலக்கூறு எடை 312, 285. ஒன்று ஜேக் குடும்பம் முழுவதையும் தொடும், மற்றது அந்தக் குடும்பத்தில் தம்பியை மட்டும் பிடிக்கும். அக்கா மகள் ரொட்டியை மறந்துவிட்டு அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறைகளும் உண்டு. 2013ல் வந்த ஐப்ருட்டினிப் பிடிகேயோடு நிற்காமல் ஈஜிஎஃப்ஆர், ஐடிகே என்று அதே மூலைச் சிஸ்டீன்காரர்களையும் பிடித்தது. இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவது அதன் தெரிந்த பக்கவிளைவு. பின்னால் வந்த அகலாப்ருட்டினிப்பும் ஜானுப்ருட்டினிப்பும் இன்னும் ஒழுங்கு. இன்னொன்று, புற்றுநோய் செல் அந்தச் சிஸ்டீனையே செரினாக மாற்றிக்கொண்டு தப்பித்துவிடும். பிடிகேயிலும் நடந்தது, ஈஜிஎஃப்ஆரிலும் நடந்தது. ஆனால் முடி கொட்டும் நோயில் அப்படித் தப்பித்துப் பெருகும் செல் கூட்டம் எதுவும் இல்லை. சகப்பிணைப்புத் தடுப்பிக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் பாதி, நோய் மாறினால் வலுவிழந்துவிடுகிறது.

பிறகு அளவிடும் தொல்லை. இந்த வகை மூலக்கூறு முதலில் உட்காரும், அப்புறம் ஒட்டும். ஒட்ட நேரம் எடுக்கும். நொதியைப் பாதி அடக்கத் தேவைப்படும் அளவை ஐசி50 என்போம். பதினைந்து நிமிடத்தில் எடுத்த ஐசி50 ஒன்று சொல்லும், ஒரு மணி நேரத்தில் எடுத்தது வேறொன்று சொல்லும். பல வருடத்துக்கு முன் நான் வேலை செய்த ஒரு குழுவில் இரண்டு தொகுதிகளை இரண்டு வெவ்வேறு நேரத்தில் சோதித்துவிட்டு, இரண்டாவது தொகுதி பத்து மடங்கு மேல் என்று கொண்டாடினோம். மூன்று மாதம் அதன் பின்னால் அலைந்தபிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தோம். அதனால் அவளிடம் சொன்னேன்: ஐசி50ஐ மறந்துவிடு; உட்காரும் இறுக்கத்தையும் ஒட்டும் வேகத்தையும் தனித்தனியாக அள, இரண்டின் விகிதத்தை வைத்து ஒப்பிடு. கூடவே குளுட்டதையோனோடு 37 டிகிரியில் போட்டுப் பார். செல்லுக்குள் மில்லிமோலார் கணக்கில் இருக்கும் கந்தகக்காரன் அவன். கொக்கி ரொம்பச் சூடாக இருந்தால் வழியிலேயே அவனிடம் மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு வம்பு இருந்தும் நான் ஏன் இந்தப் பக்கம் சாய்கிறேன்? பொய்யை உடனே காட்டிக்கொடுக்கும் வழி நாலில் இது ஒன்றுதான். மூலக்கூறையும் புரதத்தையும் கலந்து நிறமாலைமானியில் விட்டால், ஒட்டியிருந்தால் புரதத்தின் எடை மூலக்கூறின் எடை அளவுக்கு அப்படியே கூடியிருக்கும். ரிட்லெசிட்டினிப் என்றால் 285. கூடவில்லை என்றால் ஒட்டவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் வேலை. இரண்டாவது சாட்சி, அக்ரிலமைடுக்குப் பதிலாகப் புரொப்பனமைடு வைத்த இரட்டைப் பிள்ளை. இரண்டு ஹைட்ரஜன்தான் கூடுதல், உருவம் அச்சாக அதே, ஆனால் ஒட்டாது. அதுவும் அதே வீரியத்தோடு செல்லை அடக்கினால், நீ நினைத்த காரணத்தால் உன் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

"சிஸ்டீன் இல்லாத ஜேக்3 ஒன்று வேண்டாமா மாமா, ஒப்பிட்டுப் பார்க்க?" என்றாள். நல்ல கேள்வி. மாற்றிச் செய்யலாம், ஆனால் காசும் நாளும் ஆகும். ஜேக்1ம் ஜேக்2ம் அந்த இடத்தில் செரினோடு பிறந்தவர்கள்தானே, முதல் வருடம் அவர்களை வைத்து ஓட்டலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சுருக்கமாகவே பேசினோம். லட்சக்கணக்கான பொருட்களைச் சலிப்பது அவள் ஆய்வகத்தில் நடக்காது. சிறு துண்டுகளிலிருந்து வளர்ப்பது அழகான முறை. வெமுராஃபெனிப்பை அப்படித்தான், சுமார் 20,000 சின்னப் பொருட்களைச் சலித்து, 7-அசாஇண்டோல் என்ற துண்டிலிருந்து வளர்த்து 2011ல் மருந்தாக்கினார்கள். அதற்கும் படிகம் வேண்டும். கணினியில் பொருத்திப் பார்ப்பது மலிவு, ஆனால் கணினி யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கேட்டவருக்கெல்லாம் ஒரு நல்ல மதிப்பெண் கொடுக்கும். தெரிந்த பைரோலோபிரிமிடினிலிருந்து தொடங்குவதே புத்தி.

பக்கத்து மேசையில் இருந்த அக்காவின் கொழுந்தனார், "இதெல்லாம் எதுக்கு, மஞ்சள்ல இல்லாத மருந்தா?" என்றார். இந்தக் கேள்வி இல்லாமல் சுங்கை சிப்புட்டில் எந்த மருந்துப் பேச்சும் முடியாது. மஞ்சளின் குர்குமின் கைனேஸ் சோதனையிலும் வேலை செய்யும், மற்ற சோதனையிலும் வேலை செய்யும். அது உடையும், ஒளிரும், புரதங்களோடு கண்டபடி வினைபுரியும், சோதனையையே குழப்பும். 2017ல் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் குர்குமினை விரிவாக அலசி, அதில் மருந்துக்குரிய தன்மை இல்லை என்று எழுதினார்கள். எல்லாக் கதவும் திறந்தால் அது சாவி இல்லை, கடப்பாரை. குழம்புக்கு மஞ்சள் போடுங்கள் மாமா, என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

அவளுக்கு ஒரு நியாயமான தயக்கம் இருந்தது. ரிட்லெசிட்டினிப் ஏற்கெனவே இருக்கிறதே, நான் என்ன புதிதாகச் செய்வேன்? இருக்கிறது. ஆனால் அது பிடிகே சேர்ந்த டெக் குடும்பத்தையும் பிடிக்கிறது. அதே மூலையில் சிஸ்டீன் வைத்திருக்கும் அந்தப் பத்துச் சொச்சம் வீடுகளில் ஜேக்3 வீட்டை மட்டும் கண்டுபிடிக்க, உட்காரும் இறுக்கத்தை எந்தப் பக்கம் கூட்டுவது? அது கேட்கத் தகுந்த கேள்வி. கொக்கியைப் பலமாக்கினால் பதில் கிடைக்காது, உட்காரும் வளையத்தைச் செதுக்கினால்தான் கிடைக்கும். அங்கே முதல் வழியின் பாடங்கள் அத்தனையும் உதவும்.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். முழுப் புரதத்தின் எடை பார்க்கும் வசதி முதல் ஆறு மாதத்துக்குள் கிடைக்கும் என்று பேராசிரியர் வாக்குக் கொடுக்க வேண்டும். கிடைக்காது என்றால் பேசாமல் முதல் வழிக்குப் போ, அட்டவணையாவது மிஞ்சும்.

திங்கட்கிழமை மத்தியானம் கைப்பேசியில் செய்தி வந்தது. பேராசிரியர் சரி என்றுவிட்டாராம். "அக்ரிலாயில் குளோரைடு ஒரு பாட்டில், புரொப்பியோனைல் குளோரைடு ஒரு பாட்டில் ஆர்டர் போட்டாச்சு மாமா." முதல் பாட்டிலை யாரும் வாங்குவார்கள். இரண்டாவது, ஒட்டாத அந்த இரட்டைப் பிள்ளையைச் செய்ய. அதைப் படித்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, பிள்ளை தேறிவிடுவாள் என்று சொன்னேன்.